வெளியே வர மறுக்கும் பின்

புனேயின் பாஷாண் பகுதியில், 1958-இல் தொடங்கப்பட்ட படைக்கல ஆராய்ச்சி மேம்பாட்டு நிறுவனம் உள்ளது. இன்சாஸ் துப்பாக்கி அங்கு உருவானது. 2021 ஜனவரியில் அறிவிக்கப்பட்ட ‘அஸ்மி’ என்னும் 9 மி.மீ. இயந்திரக் கைத்துப்பாக்கியை அந்நிறுவனமும் மோவ் காலாட்படைப் பள்ளியும் இணைந்து நான்கு மாதங்களில் உருவாக்கின. அதன் மேலுடல் விமானத் தர அலுமினியம். கீழுடல் கார்பன் இழை. வடிவமைப்பின் பெருமை இத்தகைய செய்திகளில் பதிவாகிறது. ஆயுதம் பழசான பிறகு தேவைப்படும் அறிவு ஆர்மரரின் மேசையில், பெரும்பாலும் எழுதப்படாமல், கைமாறுகிறது.

அம்மேசையில் அடிக்கடி எழும் சிக்கல் மிகச் சிறியது: கைத்துப்பாக்கியைப் பிரிக்கும்போது ஒரு பின் வெளியே வர மறுக்கிறது. அனுபவமற்றவர் உடனே பெரிய சுத்தியலைத் தேடுகிறார். தேர்ந்தவரோ முதலில் ஆயுதத்தில் தோட்டா இல்லை என்பதை உறுதிசெய்கிறார்; பிறகு, அந்தப் பின் ஏன் மறுக்கிறது என்று கேட்கிறார்.

மறுப்புக்குக் காரணங்கள் பல. கூம்புப் பின் என்றால் அதன் விட்டம் 50 மி.மீ. நீளத்துக்கு 1 மி.மீ. வீதம் குறையும், பருத்த முனையில் அடித்தால் மேலும் இறுகும். ஒரு முனையில் வரிப்பள்ளம் வெட்டிய பின் அந்த முனை இருக்கும் பக்கமாகவே வெளியேற வேண்டும். பிளவுள்ள சுருள் பின்னுக்கு நடுவில் சிறு குமிழ் கொண்ட பஞ்ச் தேவை. சாதாரணப் பஞ்ச் அதன் வாயை நசுக்கிவிடும். முன்பு யாரோ தவறாக அடித்ததால் முனை காளான்போல் விரிந்திருக்கலாம். மழைக்கால ஈரத்தில் துரு பிடித்திருக்கலாம். அலுமினிய உடலில் உருக்குப் பின் இருந்தால் இரு உலோகங்களுக்கிடையே மின்வேதி அரிப்பும் சேர்ந்துகொள்ளும்.

சில வேளைகளில் பின் சிக்கியிருப்பதே இல்லை, பூட்டப்பட்டிருக்கிறது. இந்தியாவின் தேசியப் பாதுகாப்புப் படையும் பயன்படுத்தும் குளோக் கைத்துப்பாக்கியில், டிரிக்கர் பின்னில் வளையப் பள்ளங்கள் உண்டு. ஸ்லைடை நிறுத்தும் நெம்புகோல் அந்தப் பள்ளத்தில் பதிந்திருக்கும். நெம்புகோலை மெல்ல அசைத்தபடி தள்ளினால் பின் வழுக்கி வரும். அசைக்காமல் அடித்தால் பள்ளத்தின் விளிம்பு சிதையும்.

துருவுக்கு மருந்து பொறுமை: ஊடுருவும் எண்ணெயை இட்டு ஓரிரவு காத்திருப்பது. பிறகு ஆயுதத்தைப் பின்னுக்கு நேர்கீழே துளையுள்ள கட்டையில் கிடத்தி, முதலில் குட்டையான பஞ்சால் அசைத்து, பின் நகர்ந்ததும் நீண்ட பஞ்சுக்கு மாறுவது. அலுமினியம் உருக்கைப்போல ஏறத்தாழ இருமடங்கு விரிவதால் இளஞ்சூடு உதவும். பாலிமர் உடலிலும் பதமேற்றிய சுருள்வில்லுக்கு அருகிலும் அதே சூடு நாசம்.

இத்தனை நிதானம் எதற்கு? பின் மலிவானது; கெட்டால் மாற்றிவிடலாம். துளையை மாற்ற முடியாது. டிரிக்கரும் அதனோடு கொளுவும் உறுப்புகளும் அத்துளைகளை அச்சாகக் கொண்டே இயங்குகின்றன. துளை சற்றே அகன்றாலும் உறுப்புகள் கொளுவும் ஆழம் மாறும். கீழே விழும்போதோ உறையில் செருகும்போதோ ஆயுதம் தானாக வெடிக்கும் வாய்ப்பு உருவாகும். அவசரமாக அடித்தவர் அந்த வேளையில் அருகில் இருக்கப்போவதில்லை. அதை இடுப்பில் அணிந்த காவலர் இருப்பார். 1959-ஆம் ஆண்டின் படைக்கலச் சட்டம், 5-ஆம் பிரிவில், தயாரிப்பதையும் விற்பதையும் போலவே பழுதுபார்ப்பதையும் உரிமத்துக்கு உட்படுத்தியிருப்பதன் நியாயம் இங்கே விளங்குகிறது.

நாம் சொல்லக்கூடியதைவிட அதிகம் அறிந்திருக்கிறோம் என்பதை மைக்கேல் போலானி 1966-இல் ஒரு நூலாகவே எழுதினார். பஞ்சின் நுனியில் கேட்கும் ஒலி இறுகியதா, நகர்ந்ததா என்று ஆர்மரரின் விரல் பிரித்தறிவது அவ்வகை அறிவே. நான்கு மாதங்களில் ஓர் ஆயுதத்தை வடிவமைத்தோரின் ஆய்வுக்கு ஆவணம் உண்டு. அதனை நாற்பது ஆண்டுகள் பாதுகாப்பாக இயங்கவைக்கும் கைகளின் ஆய்வுக்கு, அக்கைகள் ஓய்வுபெறும் நாளில் எதுவும் எஞ்சுவதில்லை. தொழில்நுட்ப வரலாறு பயில்வோர் வரைபட அறையிலிருந்து பழுதுமேசைக்கு நகர வேண்டிய காலம் இது.