ஒரு குமாஸ்தாவின் கணக்கும் கணினியும்

நான் புதுச்சேரியில் பிரெஞ்சு வழியில் படித்தவன். (அ+ஆ)² போன்ற சூத்திரங்களை எங்கள் வாத்தியார் "இதாந்தித்தே ரெமார்க்காப்ள்" என்பார். குறிப்பிடத்தக்க முற்றொருமைகள் என்று பொருள். அந்தப் பெயருக்கு முழுத் தகுதியுள்ள ஒன்று ராமானுஜனின் மூன்றாம் நோட்டில் இருக்கிறது. அவர் 1912-ல் சென்னைத் துறைமுகத்தில் 30 ரூபாய் சம்பளத்துக்குச் சேர்ந்த குமாஸ்தா. ஓய்வுபெற்ற குமாஸ்தாவான எனக்கு அதில் ஒரு தனிப் பெருமை.

அ, ஆ, இ, ஈ என்று நான்கு எண்கள். நிபந்தனை ஒன்றுதான்: அ×ஈ = ஆ×இ. உதாரணமாக 1, 2, 3, 6. (அ+ஆ+இ), (ஆ+இ+ஈ), (அ−ஈ) ஒரு கட்சி. அதாவது 6, 11, −5. (இ+ஈ+அ), (ஈ+அ+ஆ), (ஆ−இ) எதிர்க்கட்சி. அதாவது 10, 9, −1. வர்க்கங்களைக் கூட்டுங்கள், இரு பக்கமும் 182. நான்காம் படியிலும் சமம், 16562. ஆறாம் படியில் வித்தியாசம் 3,02,400. எட்டில் 7,33,82,400. பத்தில் 1252,08,72,000. ராமானுஜன் சொல்வது: ஆறின் வித்தியாசத்தையும் பத்தின் வித்தியாசத்தையும் பெருக்கி 64-ஆல் பெருக்கினால், எட்டின் வித்தியாசத்தின் வர்க்கத்தைப் போல் 45 மடங்கு வரும். கால்குலேட்டரில் போட்டுப் பாருங்கள், வருகிறது.

ஒரு உதாரணம் நிரூபணம் ஆகாதே! விடுமுறைக்குத் திருவண்ணாமலை வந்திருந்த பேத்தி, மாக்சிமா என்ற இலவச மென்பொருளில் நான்கு எழுத்துகளையும் அப்படியே போட்டுச் சுருக்கச் சொன்னாள். பூஜ்ஜியம் வரவில்லை. "தாத்தா, ராமானுஜன் கணக்கு தப்பு!" என்றாள்.

"நிபந்தனையை அதுக்குச் சொன்னியாம்மா?" என்று கேட்டேன். சொல்லவில்லை. இயந்திரத்துக்கு அது தானாகத் தெரியாது.

இரு பக்கமும் எல்லா உறுப்புகளும் பதினாறாம் படி. எனவே அனைத்தையும் அ-வால் வகுத்து, அ-வை 1 ஆக்கிவிடலாம். அப்போது ஈ என்பது ஆ×இ. நான்கு எழுத்து இரண்டானது. அடுத்து, மூன்று வித்தியாசங்களையும் பெருக்குவதற்கு முன்பே தனித்தனியாக விரித்துக் காரணிப்படுத்தச் சொன்னேன். மூன்றிலும் ஆ, இ, (ஆ−1), (இ−1) பொதுவாக வந்து நின்றன. பொதுவானதை இரு பக்கமும் அடித்துவிட்டு மிச்சத்தைக் கழித்தாள். பூஜ்ஜியம்!

கோப்பைப் பிரிக்காமல் அப்படியே மேலே அனுப்பினால் எந்த அதிகாரியும் திருப்பித்தான் அனுப்புவார். கணினியும் அப்படித்தான். எதைத் தள்ளலாம், எதை மறக்கக்கூடாது என்று குறிப்பெழுதி வைப்பது நம் வேலை. இந்த வயதில் அந்த வேலை இன்னும் கைவசம் இருப்பதில் எனக்கு மகிழ்ச்சி.