413 ரன் அடித்த பூங்கா

மாசா மாசம் சம்பளத்தில் வருமான வரி பிடிக்கிறார்களே, அதை எதிர்த்ததற்காக வேலையையே இழந்த ஒரு கவர்னர் மெட்ராஸில் இருந்தார். பெயர் சர் சார்லஸ் ட்ரெவெல்யன். 1859-ல் வந்தார். 1860-ல் கல்கத்தாவிலிருந்து வருமான வரி யோசனை கிளம்பியதும், 'கூடாது' என்று பகிரங்கமாகப் போட்டு உடைத்தார். லண்டன்காரர்கள் மூட்டை கட்டச் சொல்லிவிட்டார்கள். ஆபீஸ் போகிற ஒவ்வொருத்தரும் அவர் படத்தைப் பூஜை அறையில் மாட்டலாம்!

போவதற்குள் இன்னொரு புண்ணியமும் செய்தார். இன்றைய சென்ட்ரல் ஸ்டேஷனை ஒட்டி 116 ஏக்கரில் ஜனங்களுக்காக ஒரு பூங்கா. பேரே பீப்பிள்ஸ் பார்க். குளங்கள், பாண்டு வாசிக்க மேடை, பிற்பாடு மிருகக்காட்சி சாலை.

அப்புறம் ஆரம்பித்தது பந்தி. விக்டோரியா பப்ளிக் ஹாலுக்கு ஒரு துண்டு. 1900-ல் மூர் மார்க்கெட். 1913-ல் ரிப்பன் மாளிகை. 1985-ல் மூர் மார்க்கெட் எரிந்தது. இடம் பூங்காவுக்குத் திரும்பியதா? ரயில்வேக்குப் போனது. அதே வருஷம் புலி, கரடியெல்லாம் வண்டலூருக்கு ஜாகை மாற்றின. மிச்சம், ரிப்பன் மாளிகைப் பக்கம் மை லேடீஸ் கார்டன் என்று ஒரு கைக்குட்டை.

இந்தப் பந்தியில் பெரிய இலை போட்டு உட்கார்ந்தது ஸ்டேடியம். அதை நான் முழு மனசோடு திட்ட முடியாது ஸார். 1956 ஜனவரியில் அங்கேதான் நியூசிலாந்துக்கு எதிராக வினு மன்கட் 231, பங்கஜ் ராய் 173... முதல் விக்கெட்டுக்கு 413! டெஸ்ட் உலகில் அந்த ரிக்கார்டை உடைக்க 2008 வரை ஆளில்லை. இதைச் சொன்னால் எந்தப் பூங்காப் பிரியனுக்கும் வாய் அடைத்துப்போகும்.

1993-ல் அதைப் புதுசாக, பிரம்மாண்டமாகக் கட்டினார்கள். ஜவஹர்லால் நேரு ஸ்டேடியம். 1995-ல் தெற்காசிய விளையாட்டுப் போட்டியும் நடந்தது. ஊருக்குப் பெருமைதான். ஆனால் கணக்குப் பாருங்கள் (பி.காம். படித்த புத்தி, விடாது). சுமார் 40,000 பேர் உட்கார்ந்து பார்க்கலாம். 22 பேர் ஆடலாம். சூளையிலிருந்து ரப்பர் பந்தும் மூணு குச்சியுமாக வருகிற பத்துப் பையன்கள் எந்தக் கணக்கில் வருகிறார்கள்?

அதனால், 'இளைஞர் நலன்' என்று யாராவது பழைய பூங்காவுக்குள் செங்கல்லோடு நுழைந்தால் நான் ரெண்டு கேள்வி கேட்பேன். ஆடுவதற்கா, பார்ப்பதற்கா? சாயங்காலம் முடிந்ததும் கழற்றி எடுத்துப்போக முடியுமா? வாலிபால் நெட் என்றால் சரி, ரெண்டு கம்பம். காலரி என்றால், மன்னிக்கணும்.

இதைப் படித்துவிட்டு வாக்கிங் மாமாக்கள் யாரும் கைதட்ட வேண்டாம். அவர்கள் கட்சி வேறு. 'இங்கு விளையாடக் கூடாது' என்று போர்டு மாட்டி, புல்லைத் தூரத்திலிருந்து தரிசனம் பண்ணச் சொல்கிற கட்சி. ட்ரெவெல்யன் பூங்காவுக்கு வைத்த பேர் பீப்பிள்ஸ். பதினெட்டு வயசுக்காரன் பீப்பிள் இல்லையா? தமிழ்நாட்டில் 1959-லேயே ஒரு சட்டம் வந்தது. பூங்கா, விளையாட்டுத் திடல், திறந்தவெளி மூன்றையும் சேர்த்துக் காப்பாற்றுவதற்கென்று. சட்டத்துக்குத் தெரிந்த சிநேகிதம் போர்டு மாட்டுகிறவருக்குத் தெரியவில்லை.

எங்கள் பேட்டைப் பூங்காவில் இதே சண்டை. "பசங்களை விட்டா புல்லு செத்துடும்" என்றார் ஒரு ரிட்டயர்டு பெரியவர். "மழை பெஞ்சா முளைக்கும் தாத்தா, சிமென்ட் போட்டா முளைக்குமா?" என்றான் ஒரு வாண்டு. பேசிப் பேசி, எட்டு மணி வரை வாக்கிங், அப்புறம் மூலையில் கிரிக்கெட், டென்னிஸ் பந்து மட்டும் என்று உடன்பாடு. இப்போது அந்தப் பெரியவர்தான் அம்பயர். எல்.பி.டபிள்யூ. மட்டும் தர மாட்டேன் என்கிறார்.