ஒரு கேபிள்காரரின் ஐ.பி.எல். நாட்கள்

23 மே 2023, செவ்வாய்

சேப்பாக்கத்தில் சென்னைக்கும் குஜராத்துக்கும் முதல் தகுதிச் சுற்று. காசிமேட்டுச் சந்துகளில் ஒவ்வொரு விக்கெட்டுக்கும் இரண்டு தடவை கூச்சல். கேபிள் வீடுகள் முதலில் கத்தின. போனில் ஜியோசினிமா பார்த்த பையன்கள் பிறகு கத்தினார்கள். "அண்ணே, நம்ம நெட்டு ஸ்லோவா?" என்று ஒருவன் கேட்டான்.

ஸ்லோ இல்லை. இணையத்தில் ஆட்டத்தைச் சில விநாடித் துண்டுகளாக நறுக்கி, பல தரங்களில் சுருக்கி, சர்வரில் ஏற்றுகிறார்கள். போன் சில துண்டுகளைக் கையிருப்பு சேர்த்த பிறகுதான் ஓட்ட ஆரம்பிக்கும். வேகம் குறைந்தால் தரம் குறைந்த துண்டை எடுக்கும்; படம் மங்குமே தவிர, சட்டென்று நிற்காது. அந்தக் கையிருப்பால் வருவதுதான் தாமதம். கேட்டுக்கொண்டு, "அப்போ பக்கத்து வீட்டு டிவிய மியூட் பண்ணச் சொல்லுங்கண்ணே" என்றான்.

சென்னை 15 ரன்னில் ஜெயித்தது. பத்தாவது இறுதிப் போட்டி.

25 மே, வியாழன்

மீன்பிடித் துறைமுகத்துக்கு அருகில் பழைய கோஆக்சியல் வயரை இறக்கினோம். உப்புக்காற்று பட்டு கனெக்டரெல்லாம் பச்சை பூத்திருந்தது. உள்கம்பியின் செம்புப் பூச்சு உரிந்து, உள்ளே இருக்கும் இரும்பு துருப்பிடித்துவிடுகிறது. நம் கடலோரத்தில் கேபிள் படம் புள்ளி புள்ளியாக வருவதற்குப் பாதிக் காரணம் இதுதான். ஃபைபருக்குள் இருப்பது கண்ணாடி. உப்பு அதை ஒன்றும் செய்வதில்லை. தெருவில் கரன்ட் தேவைப்படும் ஆம்ப்ளிஃபையரும் வேண்டாம்.

ஃபைபர் என்றதும், 2021 ஜூலையில் சார்பட்டா பரம்பரை அமேசான் பிரைமில் நேரடியாக வந்ததை நினைத்துக்கொண்டேன். வடசென்னைக் குத்துச்சண்டைக் கதை. தண்டையார்பேட்டை அகஸ்தியா தியேட்டர் 2020-லேயே மூடிவிட்டது. நம் மண்ணின் கதையை நம் ஜனங்கள் போனிலும், கணக்கு வைத்திருந்த வீட்டுக் கூடத்திலும்தான் பார்த்தார்கள். என் லைனில் ஃபைபர் கேட்டு ஆட்கள் வர ஆரம்பித்தது அந்த மாதத்தில்தான்.

26 மே, வெள்ளி

வசூல் நாள். "பொட்டிய எடுத்துக்கோங்க, வைஃபை மட்டும் போதும்" என்று இன்றும் சில வீடுகளில் சொன்னார்கள். எல்லாம் இளம் குடும்பங்கள்.

பணம் எந்தப் பக்கம் சாய்கிறது என்று போன வருஷமே தெரிந்துவிட்டது. 2023 முதல் 2027 வரையிலான ஐ.பி.எல். உரிமை ஏலத்தில் இந்தியாவுக்கான டிவி 23,575 கோடிக்குப் போனது. டிஜிட்டல் 23,758 கோடி. இணையம் டிவியை முந்தியது. 1993-ல் சன் டிவி வந்தபோது மொட்டை மாடியில் டிஷ் திருப்பியவன் நான். 2003-ல் கட்டண சேனலுக்குச் சென்னையில் செட்டாப் பாக்ஸ் வந்த குழப்பத்தையும் பார்த்தேன். அப்போதெல்லாம் பெட்டிதான் மாறியது. இப்போது பார்க்கிற நேரமே மாறுகிறது.

28 மே, ஞாயிறு

அகமதாபாத்தில் மழை. இறுதிப் போட்டி நாளைக்குத் தள்ளிப்போனது.

மாலையில் ஒரு ஆயா வீட்டில் ரிமோட் சரிசெய்யப் போனேன். மகன் வாங்கிக் கொடுத்த ஸ்மார்ட் டிவி. திறந்ததும் ஆப் வரிசையாக நிற்கிறது. சேனலுக்குப் போக பல பட்டன் அழுத்த வேண்டும். "கண்ணு, எனக்கு அதெல்லாம் வாணாம். போட்டா நாடகம் வரணும், அவ்ளோதான்" என்றார். போட்டதும் கேபிள் வரும்படி செட்டிங்கை மாற்றிக் கொடுத்தேன். எழுத்தே இல்லாத ரிமோட்டில் விரலால் தடவி மூன்றாவது வரிசையைக் கண்டுபிடித்து, தன் சேனலைத் தானே வைத்தார். முகத்தில் அப்படி ஒரு நிம்மதி.

30 மே, செவ்வாய்

விடிகாலை எழுதுகிறேன். மழைக்குப் பிறகு சென்னைக்கு 15 ஓவரில் 171 இலக்கு. கடைசி இரண்டு பந்தில் பத்து ரன். ஜடேஜா சிக்ஸ், ஃபோர். மணி ஒன்றரை. மீன்பிடித் தடைக்காலம் ஜூன் 14 வரை என்பதால் விசைப்படகு ஆட்கள் கரையில்தான் இருந்தார்கள். கட்டிவைத்த படகு மேலேயே போனை வலைமேல் சாய்த்து வைத்து, சுற்றி உட்கார்ந்து பார்த்தார்கள்.

எனக்கு ராத்திரி முழுக்க என் இணைய லிங்க்கில்தான் கண். கேபிள் என்பது திருவிழா ஒலிபெருக்கி: எத்தனை பேர் கேட்டாலும் ஒரே சத்தம். இணையத்தில் ஒவ்வொரு திரைக்கும் தனிப் பிரதி போக வேண்டும். வீடு கூடக்கூட லிங்க் நிரம்பும். நேற்றைக்கென்று லிங்க்கைக் கூடுதலாக வாங்கி வைத்திருந்தேன், தாங்கியது.

31 மே, புதன்

இறுதிப் போட்டியை ஒரே நேரத்தில் 3.2 கோடி பேர் ஜியோசினிமாவில் பார்த்தார்களாம். 2019 உலகக் கோப்பை அரையிறுதியில் ஹாட்ஸ்டாருக்கு வந்தது 2.53 கோடி.

இரவு ஷிஃப்ட் முடித்து எண்ணூரிலிருந்து வந்த வாடிக்கையாளர் ஒருவர் காலை இட்லியோடு முழு ஆட்டத்தையும் போட்டுப் பார்த்துக்கொண்டிருந்தார். டிவி காலத்தில் அவருக்குக் கிடைத்தது செய்தியில் வரும் இரண்டு நிமிடம்தான். துறைமுகமும் அனல்மின் நிலையமும் கடலும் நேரத்தைத் தீர்மானிக்கிற ஊர் இது. பார்க்கிற நேரம் உழைப்பவர் கைக்கு வந்திருப்பது நியாயம். அதை மனதார வரவேற்கிறேன்.

ஆனால் இந்த வருஷ ஐ.பி.எல். இலவசம் என்றாலும் டேட்டா இலவசம் இல்லை. ரீசார்ஜ் தீர்ந்த வீடும், ஆப் புரியாத ஆயாவும் இதே தெருவில்தான் இருக்கிறார்கள். புயல் எச்சரிக்கையும் பொதுச் செய்தியும் எவருடைய டேட்டாவையும் தின்னாமல் எல்லா வீட்டுக்கும் போக வேண்டும். அதற்கு ஒளிபரப்பு இருந்தே ஆக வேண்டும். அதனால் என் லைனில் கேட்கிற வீட்டுக்கெல்லாம் ஃபைபர் கொடுப்பேன். கேபிள் போதும் என்கிற கடைசி வீடு இருக்கும்வரை கேபிளையும் ஓட்டுவேன்.