கடுகளவு காயம்

என் காரின் பானெட்டில் கடுகளவு பெயின்ட் பெயர்ந்திருந்தது. அதே வாரத்தில் கவனித்திருந்தால் சில நூறு ரூபாயோடு போயிருக்கும். எட்டு மாதம் சும்மா விட்டதில் பட்டறையில் மூன்று நாள் நிறுத்தும்படி ஆகிவிட்டது. இத்தனைக்கும், வேலையில் இருந்த காலத்தில் "அப்புறம் பார்க்கலாம்" என்று ஃபைலை ஒதுக்கி வைப்பவர்களைக் கண்டாலே எனக்குப் பிடிக்காது.

நடந்தது இதுதான். சென்ற வருடம் மனைவியின் கண் பரிசோதனைக்காக நாமக்கல் போய்க்கொண்டிருந்தோம். பரமத்தியைத் தாண்டியதும் முன்னால் ஜல்லி ஏற்றிய ஒரு டிப்பர் லாரி. மேலே தார்ப்பாய் இல்லை. முந்திப் போகலாம் என்று அதன் பின்னாலேயே ஒட்டிப் போனேன். அது என் முதல் தவறு. "டிக்" என்று ஒரு சத்தம்.

"ஏனுங்க, ஓரமா நிறுத்தி என்னன்னு பாருங்க" என்றாள் மனைவி.

"ஊருக்குப் போய்ப் பாத்துக்கலாம்" என்றேன். அது இரண்டாவது.

வீட்டுக்கு வந்து பார்த்தால், சிவப்பு நிறத்தின் நடுவே வெள்ளி போல ஒரு சின்னப் புள்ளி. எனக்கு அது பெரிதாகத் தெரியவில்லை. அதற்கு ஒரு காரணம் உண்டு. நான் பிறந்து வளர்ந்தது புதுச்சேரியில். கடல் காற்றில் ஜன்னல் கம்பி, சைக்கிள், கிணற்று ராட்டினம் எதுவும் தப்பாது. அப்பா ஞாயிற்றுக்கிழமை தவறாமல் சைக்கிளுக்கு எண்ணெய் போட்டுத் துடைப்பார். பள்ளிக்கூடத்தில் எனக்குச் சீக்கிரம் மனதில் பதிந்த பிரெஞ்சுச் சொற்களில் ஒன்று "ரூய்", அதாவது துரு. ஓய்வு பெற்றபின் மனைவியின் ஊரான ஜேடர்பாளையத்துக்கு வந்தபோது, கடலும் உப்புக் காற்றும் இல்லாத ஊர், துருவின் தொல்லை விட்டது என்று நினைத்துக்கொண்டேன்.

துருவுக்கு உப்பு கட்டாயமில்லை. இரும்பு, தண்ணீர், காற்று மூன்றும் சேர்ந்தால் போதும். உப்பு வேகத்தைக் கூட்டும், அவ்வளவுதான். காவிரிக் கரையில் மார்கழிப் பனிக்குக் குறைவா? ராஜவாய்க்கால் பாயும் ஊரில் ஈரத்துக்குத்தான் பஞ்சமா? வேப்பமரத்தடியில் நிற்கும் காரின் பானெட்டில் காலையில் விரல் வைத்தால் தண்ணீர் வழியும்.

ஐப்பசி மழை முடிந்ததும் அந்த வெள்ளிப் புள்ளி பழுப்பாகிவிட்டது. அப்போது மூன்றாவது தவறைச் செய்தேன். மனைவியின் சிவப்பு நகப்பூச்சை எடுத்து அதன் மேல் ஒரு பொட்டு வைத்தேன். பார்க்க நன்றாகத்தான் இருந்தது. துருவை உள்ளே வைத்து மூடினால் அது அடங்கிவிடாது என்பது அப்போது தெரியவில்லை. இரும்பு துருவாகும்போது முன்பிருந்ததைவிட அதிக இடத்தை எடுத்துக்கொள்ளும். சுற்றியுள்ள பெயின்டை அடியிலிருந்து தூக்கும். மாசி மாதம் பார்த்தபோது அங்கே ஒரு கொப்புளம்.

நாமக்கல்லைப் பற்றி நம் வாசகர்களுக்கு நான் சொல்ல வேண்டியதில்லை. லாரிக்குக் கூண்டு கட்டும் ஊர். டிங்கரிங்கும் பெயின்டிங்கும் தெரிந்த கைகளுக்கு அங்கே குறைவில்லை. தெரிந்தவர் ஒருவர் சொல்லி, ஒரு பட்டறைக்குப் போனேன். பெயின்டருக்கு நாற்பது வயதிருக்கும். கொப்புளத்தை நகத்தால் சுரண்டினார். நகப்பூச்சும் பெயின்டும் சேர்ந்து உதிர்ந்தன. உள்ளே ஒரு ரூபாய் நாணயம் அளவுக்குத் துரு.

"அய்யா, இது இப்பப் பெயின்ட் வேலை இல்லீங்க. துரு வேலைங்க" என்றார்.

அங்கே உட்கார்ந்து பார்த்ததில் பல விஷயங்கள் புரிந்தன. காரின் நிறம் என்று நாம் பார்ப்பது ஒரே பூச்சு அல்ல. தகட்டின் மேல் துருவைத் தடுக்கும் பூச்சு, அதன் மேல் பிரைமர், பிறகு நிறம், கடைசியில் பளபளப்புக்கான கிளியர் கோட். இத்தனையும் சேர்ந்தே ஒரு மில்லிமீட்டரில் பத்தில் ஒரு பங்குதான் இருக்கும், சற்று முன்பின் ஆகலாம். ஒரு கல்லுக்கு அது எம்மாத்திரம்!

பெயர்ந்த இடத்தில் நிறமோ பிரைமரோ மட்டும் தெரிந்தால் அவசரமில்லை. தகடு பளிச்சென்று தெரிந்தால் நாள் கடத்தக் கூடாது. பம்பர் பெரும்பாலும் பிளாஸ்டிக். அது துருப்பிடிக்காது. பானெட்டும் கதவும்தான் கவலை.

சின்னப் புள்ளியென்றால் வீட்டிலேயே செய்யலாம் என்றார் பெயின்டர். ஷாம்பு போட்டுக் கழுவி, நன்றாகக் காயவிட்டு, எண்ணெய்ப் பசையும் மெழுகும் போக ஸ்பிரிட்டால் துடைக்க வேண்டும். தகடு தெரிந்தால் முதலில் ஒரு துளி பிரைமர். பிறகு நிறம். நம் காரின் நிறத்துக்கு ஒரு குறியீட்டு எண் உண்டு. பல கார்களில் கதவைத் திறந்தால் தூணிலோ, பானெட்டின் உள்ளேயோ ஒட்டியிருக்கும் சீட்டில் அது இருக்கும். "சிவப்பு கொடுங்க" என்று வாங்கினால் ஒத்துப்போகாது. பல் குத்தும் குச்சியின் நுனியில் தொட்டு, குழிக்குள் மட்டும் வைக்க வேண்டும். ஒரேயடியாக அப்பாமல், காயக் காய இரண்டு மூன்று தடவை. கடைசியில் கிளியர். உச்சி வெயிலில் சுடுகிற தகட்டில் வைக்கக் கூடாது, பனி ஈரத்திலும் கூடாது. துரு இருந்தால் மட்டும், உப்புத்தாளால் பளிச்சென்று தகடு தெரியும்வரை தேய்க்காமல் மேலே எதையும் பூசவே கூடாது.

என் கதை அந்தக் கட்டத்தைத் தாண்டிவிட்டதால் தேய்ப்பு, பிரைமர், பட்டி, மறுபடி தேய்ப்பு, பெயின்ட் என்று மூன்று நாள். வெயிலில் வெளுத்த பழைய சிவப்போடு புதிய சிவப்பைச் சேர்ப்பதற்கே அவர் பெரும்பாடு பட்டார்.

"இனிமே வராம இருக்க என்னங்க வழி?" என்று கேட்டேன். கல் அடியைத் தாங்குவதற்கென்றே கண்ணாடி போன்ற ஒரு பிலிம் ஒட்டுகிறார்கள். நல்ல பிலிம் பெயின்ட் பூச்சைவிடத் தடிமனானது. ஆனால் விலை பல ஆயிரம். மெழுகும் செராமிக் பூச்சும் தண்ணீரை ஓட்டும், கல்லை ஓட்டாது என்றார். பிறகு சிரித்துக்கொண்டே, "காசில்லாத வழி ஒண்ணு இருக்குதுங்க. லாரிக்குப் பின்னால தள்ளிப் போங்க" என்றார்.

அது வெறும் வாய்வார்த்தை இல்லை. கல் வந்து நம்மேல் மோதுகிறது என்று நினைக்கிறோம். டயர் தூக்கிப்போட்ட கல்லில் பெரும்பாலும் நாமேதான் வேகமாகப் போய் மோதுகிறோம். வேகம் இரண்டு மடங்கானால் அடியின் பலம் நான்கு மடங்காகும்.

அப்போதுதான் அவருடைய இடது புருவத்தைக் கவனித்தேன். ஒரு அங்குலத்துக்குத் தழும்பு. என் பார்வை போன இடத்தைப் புரிந்துகொண்டார்.

"அதே ரோடுதானுங்க. நான் பைக்ல போனேன். ஹெல்மெட் கண்ணாடியத் தூக்கி விட்டிருந்தேன். கொஞ்சம் கீழ பட்டிருந்தா கண்ணு போயிருக்கும். இந்தத் தொழிலுக்குக் கண்ணுதானுங்களே எல்லாம்."

எனக்கு என்ன சொல்வதென்று தெரியவில்லை. மூன்று நாளாக அவரிடம் என் பானெட்டைப் பற்றிப் புலம்பிக்கொண்டிருந்தேன். என் கண் பார்வையும் மனைவியின் கண் பார்வையும் கண்ணாடிக்குப் பின்னால் பத்திரமாக இருந்தன.

பிரான்சில் இருக்கும் தங்கை வீட்டுக்கு ஒருமுறை போயிருந்தேன். அங்கே புதிதாகச் சல்லி தூவிய சாலையில் முக்கோணப் பலகை ஒன்று வைக்கிறார்கள். கார் சக்கரத்திலிருந்து கற்கள் பின்னால் தெறிக்கும் படம் அது. கற்களைத் தெறிக்கவிடுவது லாரி அல்ல, சாதாரணக் கார். அன்று அதைப் பெரிதாக நினைக்கவில்லை. பட்டறையிலிருந்து திரும்பும்போது அந்தப் படம் ஞாபகத்துக்கு வந்தது. வீட்டுக்கு வந்ததும் என் கார் டயரைப் பார்த்தேன். பள்ளங்களில் ஏழெட்டு ஜல்லித் துண்டுகள் செருகியிருந்தன. எனக்குப் பின்னால் எத்தனை மொபட்காரர்கள் வந்தார்களோ!

இப்போது மாதம் ஒருமுறை பழைய ஸ்க்ரூ டிரைவரால் அந்தக் கற்களை நெம்பி எடுத்துவிடுகிறேன். சல்லி கொட்டிய சாலையில் இருபது முப்பதுக்கு மேல் போவதில்லை. ஜல்லி லாரி கண்ணில் பட்டால், அது ஒரு மரத்தைத் தாண்டியபின் ஐந்து எண்ணி முடிக்கும்வரை நான் அந்த மரத்தை எட்டாத அளவுக்குப் பின்தங்கிவிடுகிறேன். பின்னால் வருபவர்கள் ஹாரன் அடிக்கிறார்கள். அடித்துவிட்டுப் போகட்டும். ஓய்வு பெற்றவனுக்கு என்ன அவசரம்?

போன வாரம் கதவில் இன்னொரு புள்ளி விழுந்தது. அன்று மாலையே துடைத்து, பிரைமர் வைத்து மூடிவிட்டேன். மனைவி தன் நகப்பூச்சை எடுத்து உள்ளே வைத்துவிட்டு, "இன்னைக்காவது உடனே பாத்தீங்களே" என்றாள்.