பழவேற்காட்டுக்கு ஒரு மிதிவண்டிப் பயணம்

கைலி இல்லாத தமிழ் முஸ்லிம் இல்லம் ஒன்று உண்டா? மலேசியாவிலிருந்து வரும் உறவினர் அன்பளிப்பாகத் தரும் கட்டம் போட்ட கைலியை மலாய் மக்கள் 'காயின் பெலிகாட்' என்று அழைக்கின்றனர். அந்தப் பெயருக்குள் ஒளிந்திருப்பது நம் திருவள்ளூர் மாவட்டத்துப் பழவேற்காடு! ஐரோப்பியரின் நாவில் 'புலிக்காட்' எனத் திரிந்த ஊர்ப் பெயர், துணிப் பொதியோடு கப்பலேறிக் கடல் கடந்துவிட்டது. அந்த ஊரை நான் கண்டது நாற்பது வயதைக் கடந்த பின்னர்தான், அதுவும் மிதிவண்டியில்!

சென்னையில் இப்போது மிதிவண்டிக் குழுக்கள் பல இயங்குகின்றன. அத்தகைய குழு ஒன்றில் உறுப்பினராக இருக்கும் என் முன்னாள் மாணவர், "ஹஜ்ரத், இது பந்தயம் அல்ல, எல்லோரும் சேர்ந்து செல்லும் பயணம். நீங்களும் வர வேண்டும்" என்று வற்புறுத்தினார். ஜனவரி மாதத்து ஞாயிறு ஒன்றில், பஜ்ரு தொழுதுவிட்டு மின்ரயிலில் பொன்னேரியில் சென்று இறங்கினோம். மிதிவண்டிகள் சிறு லாரியில் முன்னரே வந்து காத்திருந்தன. அங்கிருந்து பழவேற்காடு ஏறத்தாழ 20 கிலோமீட்டர்.

மெதூர், திருப்பாலைவனம் வழியாகச் செல்லும் பாதையின் இரு மருங்கிலும் நெல் வயல்கள், வரப்புகளில் பனைமரங்கள். கிழக்கே செல்லச் செல்ல மண்ணில் உவர் ஏறுகிறது. காற்றில் மீன் வாடை கலக்கிறது. எதிர்க்காற்றில் மிதிக்க இயலாமல் நான் பின்தங்கினேன். போதாக்குறைக்கு வண்டியின் சங்கிலியும் கழன்றது. கடைசி ஆள் வந்து சேரும்வரை முதல் ஆள் காத்திருக்க வேண்டும் என்பது அக்குழுவின் விதியாம். பதினான்கு பேரும் ஒரு தேநீர்க் கடையில் எனக்காகக் காத்திருந்தனர்.

மிதிவண்டியின் சிறப்பை அன்று உணர்ந்தேன். காரில் விரைபவருக்குச் சலாம் சொன்னால், பதில் பிறக்குமுன் ஊரே கடந்துவிடும். மிதிவண்டியில் செல்பவரோ சலாத்துக்குப் பதிலும் கூறலாம், நலமும் விசாரிக்கலாம்.

வந்தவர்களும் கொண்டு சென்றவையும்

ஊரின் வரலாறு நீண்டது. அரபு நாட்டு வணிகர் வழிவந்தோர் பல நூற்றாண்டுகளாக இங்கே வாழ்கின்றனர். பதினாறாம் நூற்றாண்டின் தொடக்கத்தில் போர்ச்சுகீசியர் வந்தனர். அடுத்த நூற்றாண்டில் வந்த டச்சுக்காரர்கள் 1613-இல் கெல்டிரியா கோட்டையை எழுப்பினர். இன்று அந்தக் கோட்டை புதர் மண்டிய மேடு. தொல்லியல் துறையின் பாதுகாப்பிலுள்ள டச்சுக் கல்லறைத் தோட்டத்தின் வாயிலில், எலும்புக்கூடு உருவங்கள் செதுக்கிய தூண்கள் நம்மை வரவேற்கின்றன. இங்கிருந்து அவர்கள் துணியை மட்டுமா ஏற்றிச் சென்றார்கள்? மனிதர்களையும் அடிமைகளாகக் கப்பலேற்றிக் கிழக்கிந்தியத் தீவுகளுக்கு அனுப்பினார்கள். வந்தவர் ஒவ்வொருவரும் இவ்வூரிலிருந்து எதையோ எடுத்தே சென்றிருக்கின்றனர். இந்த எண்ணம் அடுத்த ஒரு மணி நேரத்தில் என்னையே சுடும் என்று நான் அறியவில்லை.

ஏரிக்கரையில்

ஒடிசாவின் சிலிகாவுக்கு அடுத்தபடியாக, இந்தியாவின் இரண்டாவது பெரிய உவர்நீர் ஏரி இது. பெரும்பகுதி ஆந்திரத்தில் உள்ளது. குளிர்காலத்தில் பூநாரைகள் வந்து இறங்குகின்றன. கோட்டைக்குப்பம், ஆண்டிக்குப்பம் போன்ற மீனவர் ஊர்களில் 'பாடு' என்றொரு முறை வழிவழியாக நிலவி வருகிறது. வலை விரிக்கும் இடங்களைப் பங்கிட்டு, இன்று உனக்கு, நாளை எனக்கு என முறை வைத்துக் கொள்கின்றனர். தம் முறை வரும்வரை மற்றவர் பொறுத்திருக்கின்றனர்.

ஏரியின் உயிர் அதன் முகத்துவாரத்தில் இருக்கிறது. அங்கே மணல் மேவி வாய் அடைபட்டால் கடல்நீர் உள்ளே வராது. இறாலும் மீன்குஞ்சும் வாரா. படகும் கடலுக்குச் செல்ல இயலாது. நிலையான சுவர் வேண்டுமென மீனவர்கள் நெடுங்காலம் கேட்டு வந்தனர்; அதற்கான பணி அண்மை ஆண்டுகளில்தான் தொடங்கியது.

முஸ்லிம் மீனவர்கள் வாழும் ஜமீலாபாத்தில், முதியவர் ஒருவர் படகருகே அமர்ந்து வலையைச் சீர்செய்து கொண்டிருந்தார். முகத்துவாரத்தைப் படகில் சென்று பார்க்க எங்கள் இளைஞர்கள் ஆசைப்பட்டனர். கேட்கத் தயங்கிய அவர்களுக்காக முன்சென்றவன் நான்தான். என் தொப்பிக்கும் தாடிக்கும் மறுப்பு இராது என்ற எண்ணம்! எவ்வளவு வேண்டுமானாலும் தருகிறோம் என்றும் கூறினேன்.

அவர் வலையிலிருந்து கையை எடுக்கவில்லை. "ஹஜ்ரத், மன்னிச்சுக்குங்க. வேடிக்கை பாக்க யாரையும் நான் ஏத்துறதில்ல. அன்னிக்குத் தண்ணியிலேருந்து புள்ளைங்களத் தூக்குன கை இது" என்றார்.

நான் தலைகுனிந்தேன். 2011 டிசம்பர் 25 அன்று, சுற்றுலா வந்தவர்களை ஏற்றிச் சென்ற படகு கவிழ்ந்து 22 பேர் உயிரிழந்த நிகழ்ச்சி அது. அதன் பின்னரே உல்லாசப் படகுச் சவாரிக்குத் தடை விதிக்கப்பட்டது. பிள்ளைகளுக்கு ஒழுக்கம் போதிக்கும் நான், ஒரு முதியவரின் ஆறாத துயரத்துக்கும் அவருடைய உறுதிக்கும் விலை பேசியிருக்கிறேன்! அந்தப் பணம் அன்று அவருக்குத் தேவைப்பட்டிருக்கலாம். ஆயினும் அவர் மறுத்தார். "தேத்தண்ணி குடிச்சிட்டுப் போங்க" என்று எங்களை அமர வைத்த அவருடைய பெருந்தன்மையை என்னென்பேன்!

சின்னப் பள்ளிவாசலில் லுஹர் தொழுதோம். தொழுகை நேரம் அறிய அமைத்த சூரியக் கடிகாரம் அங்கே இன்றும் உள்ளது. பின்னர், பனை ஓலையில் பெட்டி முடையும் நம் சகோதரிகளிடம் ஆளுக்கொன்று வாங்கினோம். பேரம் பேச எவருக்கும் மனம் வரவில்லை.

வாசகர்களே! பழவேற்காட்டுக்கு அவசியம் செல்லுங்கள்; பிள்ளைகளையும் அழைத்துச் செல்லுங்கள். இயன்றால் மிதிவண்டியில் செல்லுங்கள். கரையில் நின்றே ஏரியைக் கண்டு மகிழுங்கள். ஓலைப்பெட்டிக்குக் கேட்ட விலையைக் கொடுங்கள். ஊரார் "வேண்டாம்" என்றால், அச்சொல்லுக்குப் பின்னே ஒரு காரணம் இருக்கும் என்று நம்புங்கள்.

என் மகள் அந்த ஓலைப்பெட்டியில் எழுதுகோல்களை வைத்திருக்கிறாள். அதைக் காணும் போதெல்லாம் வலை பின்னிய அந்தக் கைகளே என் கண்முன் நிற்கின்றன. அவருடைய வலையில் அல்லாஹ் பரக்கத் செய்வானாக!