வேன்காரத் தம்பியின் தூக்கம்

மே 6, 2025, செவ்வாய்

சித்ரா பௌர்ணமி இந்த வருடம் ஞாயிறு ராத்திரி பிறக்கிறது. எங்கள் தெருவிலிருந்து திருவண்ணாமலை கிரிவலத்துக்கு வேன் பேசியாகிவிட்டது. பள்ளிக்கூடம் லீவு என்பதால் வசூலும் கணக்கும் என் கையில்.

பெரியவர்கள் போட்ட திட்டம் இது. மாலை 6 மணிக்கு ஆரணியில் கிளம்புவது. 9 மணிக்கு நடக்க ஆரம்பித்தால், 14 கிலோமீட்டரைக் கூட்டத்தோடு கூட்டமாகச் சுற்றி முடிக்க இரண்டரை ஆகும். உடனே வண்டி ஏறினால் நாலரைக்கு வீடு. திங்கட்கிழமை தறியில் உட்காருகிறவர்களும் பட்டுக்கடைக்கு வேலைக்குப் போகிறவர்களும் இரண்டு மணி நேரமாவது கண்ணை மூடலாம்.

எல்லோருடைய தூக்கத்துக்கும் இதில் இடம் இருக்கிறது, வண்டி ஓட்டுகிற தம்பியின் தூக்கத்தைத் தவிர. ஞாயிறு காலையில் அவனுக்குச் செய்யாறில் ஒரு கல்யாண வாடகை. குழாயடியில் அவன் அம்மா பேச்சுவாக்கில் சொன்னார். காலை 6 மணி முகூர்த்தம் என்றால் அவன் 3 மணிக்கே எழுந்திருக்க வேண்டும். மறுநாள் 3 மணிக்கு எங்களை ஏற்றிக்கொண்டு போளூர் சாலையில் வந்துகொண்டிருப்பான். முழுசாக 24 மணி நேரம்.

மே 7, புதன்

ராத்திரி சரியாகத் தூங்கவில்லை. வகுப்பில் வேகக் கணக்கு போடும்போது பிள்ளைகளிடம் சொல்வதுண்டு: மணிக்கு 80 கிலோமீட்டரில் போகிற வண்டி ஒரு நொடியில் 22 மீட்டர் கடக்கும். கண் நாலு நொடி சொக்கினால் கிட்டத்தட்ட 90 மீட்டர். அந்த 90 மீட்டரில் கால் பிரேக்குக்குப் போகாது, கை ஸ்டீயரிங்கைத் திருப்பாது. இப்படி நடக்கும் பல விபத்துகளில் ரோட்டில் டயர் தேய்ந்த தடமே இருக்காது. வண்டி நேராகப் போய்ப் புளியமரத்தில் மோதியிருக்கும், அல்லது விளக்கும் ஸ்டிக்கரும் இல்லாமல் ஓரத்தில் நிற்கிற லாரியின் பின்பக்கத்துக்குள் புகுந்திருக்கும்.

தூக்கத்தை மனவுறுதியால் ஜெயித்துவிடலாம் என்று பலர் நம்புகிறார்கள். விழித்திருக்க விழித்திருக்க மூளையில் அடினோசின் என்ற பொருள் சேர்ந்துகொண்டே போகிறது. தூங்கினால்தான் அது குறையும். அதோடு உடம்புக்கு என்று ஒரு கடிகாரம் இருக்கிறது. நள்ளிரவு தாண்டி விடியும் வரையிலும், மதியச் சாப்பாட்டுக்குப் பிறகு இரண்டு மணியிலிருந்து நாலு மணி வரையிலும் அது எல்லோரையும் கீழே இழுக்கும். ஓட்டுகிறவன் கெட்டிக்காரனா, அனுபவசாலியா என்பதெல்லாம் அந்த நேரத்தில் செல்லாது.

2001 பிப்ரவரி 28. இங்கிலாந்தில் கிரேட் ஹெக் என்ற ஊருக்கு அருகில் விடிகாலையில் ஒருவர் ஓட்டிவந்த லேண்ட் ரோவர் நெடுஞ்சாலையை விட்டு இறங்கி, சரிவில் உருண்டு தண்டவாளத்தில் போய் நின்றது. வந்த பயணிகள் ரயில் அதில் மோதித் தடம்புரண்டு, எதிரே வந்த சரக்கு ரயிலோடு மோதியது. 10 பேர் இறந்தார்கள். தான் தூங்கவே இல்லை என்றும், வண்டியில்தான் கோளாறு என்றும் அவர் கடைசி வரை வாதாடினார். முந்தைய இரவு அவர் தூங்காமல் போனில் பேசிக்கொண்டிருந்தது வழக்கில் வெளிவந்தது. 5 வருடம் சிறை.

நம் பிள்ளைகளுக்குத் தெரிந்த உதாரணம் கிரிக்கெட் வீரர் ரிஷப் பந்த். 2022 டிசம்பர் 30 விடிகாலை, தனியாகக் காரோட்டி வீட்டுக்குப் போகும் வழியில் ரூர்க்கி அருகே தடுப்பில் மோதினார். கண் அசந்துவிட்டது என்றுதான் போலீஸார் அன்று சொன்னார்கள். உடற்பயிற்சியிலேயே வாழ்கிற இளைஞர் அவர்.

மே 8, வியாழன்

கத்திரி வெயில். இந்தக் காய்ச்சலுக்குப் பாவு இழை பட்டு பட்டென்று அறுகிறது என்று மாமனார் விடியுமுன்பே தறிக்குழியில் இறங்கிவிடுகிறார். சாப்பிட்ட பிறகு இரண்டு மணி வாக்கில் நாடாவை வைத்துவிட்டுத் தறி ஓரமாகவே துண்டை விரித்துப் படுப்பார். சேலை அவசரமாகக் கேட்டாலும் அந்த அரைமணி நேரத்தை விடமாட்டார்.

இன்று ஏன் என்று கேட்டேன். சரிகைக் கரையில் ஓர் இடத்தைத் தொட்டுக் காட்டினார். கண் சொக்கிக்கொண்டு மிதியை மாற்றி மிதித்ததில் புட்டா ஒரு வரி தப்பியிருந்தது. அதன் பிறகு நெய்த அத்தனை ஊடையையும் ஊசிமுனையால் ஒவ்வொன்றாகப் பிரித்து எடுத்துக்கொண்டிருந்தார். “இது பிரிக்க முடியுதும்மா” என்றார். வேறு எதுவும் சொல்லவில்லை.

மே 9, வெள்ளி

வேன்காரத் தம்பியை வீட்டுக்கு வரச்சொல்லிப் பேசினேன். சின்ன வயசிலிருந்து தெரிந்த பிள்ளை, நிதானமாக ஓட்டுகிறவன், குடிப்பழக்கம் கிடையாது. தூக்கம் வந்தால் என்னப்பா செய்வாய் என்றதும் ஒவ்வொன்றாகச் சொன்னான். பச்சை மிளகாயைக் கடிப்பது. பாட்டை அலறவிடுவது. ஜன்னலை இறக்கி முகத்தைக் காற்றுக்குக் கொடுப்பது. டீ, மறுபடி டீ. பக்கத்து சீட்டில் யாரையாவது உட்காரவைத்துப் பேச்சுக் கொடுக்கச் சொல்வது.

“அதெல்லாம் கொஞ்ச நேரந்தான் டீச்சர். நான் கண்ணத் தொறந்துக்கினே தூங்கிருக்கேன். போளூர் தாண்டுனது ஞாபகம் இருக்கும். அப்பறம் பாத்தா களம்பூர் வந்திருக்கும். நடுவுல ரோடே ஞாபகத்துல இருக்காது.”

அவன் அதைச் சாதாரணமாகச் சொன்னதுதான் எனக்குத் தாங்கவில்லை. அந்த வண்டியில் பின்னால் இருபது பேர் ஒருவர் தோளில் ஒருவர் சாய்ந்து தூங்கிக்கொண்டிருந்திருப்பார்கள். பிள்ளைகள் மடியில்.

நான் அறிந்ததை அவனுக்குச் சொன்னேன். காற்றும் பாட்டும் சில நிமிடங்களுக்கு மேல் தாங்காது. டீ வேலை செய்யவே அரைமணி ஆகும். குடித்த கையோடு சீட்டைச் சாய்த்து 20 நிமிடம் கண்ணயர்ந்தால் இரண்டும் சேர்ந்து கொஞ்சம் உதவும். அடிக்கடி கொட்டாவி, தலை தொங்கி நிமிர்வது, ஓர வெள்ளைக் கோட்டில் டயர் ஏறி இறங்குவது, திரும்ப வேண்டிய இடத்தை விட்டுவிடுவது, இதில் ஒன்று வந்தாலும் வண்டியை ஓரங்கட்டிவிடு என்றேன்.

“ஓரங்கட்டுனா உள்ள இருக்கறவங்க சும்மா இருப்பாங்களா டீச்சர்?”

இதற்கு அவனிடம் பதில் சொல்லிப் பயனில்லை. பதில் எங்கள் தெருவில் இருந்து வரவேண்டும்.

மே 10, சனி

காலையில் தெருவில் ஒவ்வொரு வீடாகப் போனேன். திரும்புவதை விடிந்தபிறகு வைத்துக்கொள்ளலாம், நாம் நடக்கிற நேரத்திலும் அதற்குப் பிறகும் டிரைவர் தூங்கட்டும் என்றேன். “காலங்காலமா ராத்திரியே திரும்பறோம், என்ன ஆயிடுச்சு?” என்றார் ஒரு மாமா. ஒன்றும் ஆகாமல் வந்த இரவுகளை வைத்து ரோட்டைக் கணக்குப் போடக் கூடாது என்று அவரிடம் சொன்னேன். ஆஸ்திரேலியாவில் 1997இல் செய்த ஆய்வையும் சொன்னேன். 17 மணி நேரம் விழித்திருந்தவரின் கையும் கண்ணும், 100 மில்லி ரத்தத்தில் 50 மில்லிகிராம் சாராயம் உள்ளவருடையதுபோல் மந்தப்படுகின்றன. நம் நாட்டுச் சட்டம் அனுமதிப்பது 30 மில்லிகிராம் வரைதான். குடித்தவன் ஓட்டுகிற வேனில் உங்கள் பேத்தியை ஏற்றுவீர்களா என்று கேட்டதும் மாமா அமைதியானார். அவர் மருமகள்தான், “விடிஞ்சே வரலாம் டீச்சர்” என்றாள்.

பிறகு வேன் முதலாளி. ஹால்ட் என்றால் தனிக் கட்டணம் என்றார். தருகிறோம் என்றேன், டிரைவருக்கு பேட்டாவும் கூட்டித் தருகிறோம் என்றேன். காலையில் வேறு ஆளைக் கல்யாண வாடகைக்கு அனுப்ப முடியுமா என்று கேட்டதற்கு, முகூர்த்த நாளில் டிரைவர் எங்கே கிடைக்கிறார்கள் என்றார். அதுவும் பொய்யில்லை.

மோட்டார் போக்குவரத்துத் தொழிலாளர் சட்டம் 1961லேயே வந்துவிட்டது. நாளுக்கு 8 மணி நேரம், வாரத்துக்கு 48 என்று அதில் தெளிவாக எழுதிவைத்தார்கள். ஆனால் ஐந்து பேராவது வேலை செய்கிற நிறுவனத்துக்கென்றுதான் அது வந்தது. ஒரு வேன், ஒரு சரக்கு வண்டி வைத்திருப்பவரிடம் வேலை பார்க்கும் பிள்ளையின் நேரத்தை எண்ணிப் பார்க்க யாரும் இல்லை. குடித்திருக்கிறானா என்று பார்க்க போலீஸிடம் ஊதும் கருவி இருக்கிறது. தூக்கத்தை அளக்க ரோட்டில் எந்தக் கருவியும் இல்லை. அது வண்டி பேசுகிறவர்களும் முதலாளியும் முன்னாலேயே பார்த்துக்கொள்ள வேண்டிய விஷயம்.

மே 12, திங்கள்

காலை எட்டரைக்கு வந்து சேர்ந்தோம். குளித்துவிட்டு எழுதுகிறேன்.

நேற்று ஊருக்கு வெளியே வேலூர் சாலையிலேயே வண்டிகளை நிறுத்திவிட்டார்கள். தம்பிக்கு ஒரு தலையணை, கொசுவர்த்தி, கண்ணுக்குக் கட்ட ஒரு துணி கொண்டுபோயிருந்தேன். கடைசி வரிசை சீட்டில் படுத்தான். நாங்கள் நடந்தோம். இந்திர லிங்கத்தில் தொடங்கி ஈசான்ய லிங்கம் வரை வெறுங்காலில். பகல் வெயிலின் சூடு தார் ரோட்டில் நள்ளிரவிலும் மிச்சம் இருந்தது. இரண்டே முக்காலுக்குத் திரும்பி வந்தால் வண்டி நின்ற இடத்தில் இல்லை. பஸ்ஸுக்கு வழிவிடச் சொல்லி இருமுறை எழுப்பி நகர்த்த வைத்திருக்கிறார்கள். ஒரு மணிக்குப் பிறகுதான் அவன் கண்மூடியிருக்கிறான்.

நான் எழுப்பவிடவில்லை. தார்ப்பாயை விரித்து எல்லோரையும் வண்டிப் பக்கத்திலேயே உட்காரச் சொன்னேன். கால்வலி, கொசு, அழுகிற குழந்தை. “டிரைவரைத் தாலாட்டவா வந்தோம்?” என்று இருட்டில் ஒரு குரல். கண்ணாடி வழியே பார்த்தேன்: வாய் திறந்து, ஒரு கை சீட்டுக்குக் கீழே தொங்க, கொசு கடிப்பதுகூடத் தெரியாமல் தூங்கினான். இந்த உடம்பைத்தான் மூன்று மணிக்கு உலுக்கி எழுப்பி ஸ்டீயரிங்கைக் கொடுக்க இருந்தோம்.

ஆறு மணிக்கு அவனாகவே எழுந்தான். எழுந்ததும் ஓட்டக் கூடாது, மூளை தெளியக் கொஞ்ச நேரம் வேண்டும் என்று முகம் கழுவி டீ குடிக்க வைத்து ஆறரைக்குக் கிளப்பினேன். பக்கத்து சீட்டில் நான். பின்னால் எல்லோரும் தூங்கினார்கள். வழியில் சொல்ல ஒன்றும் இல்லை.

மே 16, வெள்ளி

வைகாசி அமாவாசை 26ஆம் தேதி. மேல்மலையனூர் அங்காளம்மன் கோயிலுக்குப் போக வேண்டும் என்று தெருவில் பேச்சு. நள்ளிரவில் ஊஞ்சல் பார்த்துவிட்டுத் திரும்புவது வழக்கம். அங்கேயே தங்கி விடிந்து வருவதென்றால் நான் கணக்கு எழுதுகிறேன், இல்லாவிட்டால் வேறு ஆளைப் பாருங்கள் என்று சொல்லிவிட்டேன். இந்த முறை முணுமுணுப்பு குறைவு.

மாலையில் தம்பியின் அம்மாவைப் பார்த்தேன். அன்று எங்களை இறக்கிவிட்ட பிறகு அவன் வீட்டுக்குப் போகவில்லையாம். பத்து மணிக்கே முதலாளி சரக்கு வண்டியைக் கொடுத்துப் பட்டு நூல் ஏற்றி வரப் பெங்களூர் அனுப்பியிருக்கிறார். அந்த மதியத்திலும் இரவிலும் அவன் தனியாக, பக்கத்து சீட்டில் பேச ஆள்கூட இல்லாமல் ஓட்டியிருக்கிறான். அந்த நூலை வாங்கியவர் எங்கள் தெருவிலேயே இருக்கிற ஒரு பட்டு முதலாளி. கிரிவலத்துக்கு எங்களோடு வந்தவர்.

நாளைக் காலையில் இருவரையும் ஒரே இடத்தில் உட்காரவைத்துப் பேச வேண்டும். மாமனாரும் வருகிறேன் என்கிறார். லோடு ஒருநாள் தாமதமாக வந்தால் எத்தனை தறி நிற்கும், எவ்வளவு நஷ்டம் என்று அவர்கள் சொல்வார்கள். அதை முன்கூட்டியே கணக்குப் போட்டு எடுத்துக்கொண்டு போகிறேன்.