முகாமுக்கு அனுப்பும் முன் இதைப் படியுங்கள்

அன்பான என் மாணவப் பிள்ளைகளுக்கும் உறவுகளுக்கும்,

மே மாதம் வந்தால் விடுமுறை வேதாகமப் பள்ளி, வாலிபர் முகாம் என்று நம் சபைகள் களைகட்டும். மனப்பாட வசனமும் குறுநாடகமும் இல்லாமல் நானும் வளரவில்லை, என் பிள்ளைகளும் வளரவில்லை. ஓய்வுநாள் பள்ளியில் இருபது வருடம் பாடம் எடுத்தவள் என்ற உரிமையில் எழுதுகிறேன்.

போன வாரம் எங்கள் சபைக் கமிட்டியில், முகாமுக்கு வரும் பிள்ளைகளின் பாதுகாப்புக்கு எழுத்தில் விதிகள் வேண்டும் என்று கேட்டேன். "நம்ம ஊழியக்காரங்க மேலயே சந்தேகமா டீச்சர்?" என்றார் ஒருவர். யாரும் வாய் திறக்கவில்லை. அவருக்குச் சொல்ல நினைத்ததை உங்களுக்குச் சொல்கிறேன்.

இங்கிலாந்தில் ஜான் ஸ்மைத் என்று ஒருவர். பெரிய வழக்கறிஞர், பக்திமான், பையன்களுக்கான கிறிஸ்தவ முகாம்களை நடத்தியவர். அந்தப் பையன்களைத் தன் வீட்டுக்கு வரவழைத்து, பாவத்துக்குத் தண்டனை என்று சொல்லி ரத்தம் வரப் பிரம்பால் அடித்தார். 1982-லேயே சில சபைப் பெரியவர்களுக்கு இது எழுத்து மூலமாகத் தெரியும். அவர்கள் போலீசுக்குப் போகவில்லை. 1984-ல் அவர் ஜிம்பாப்வே போய் அங்கும் முகாம் நடத்தினார். 1992-ல் அங்கே 16 வயதுப் பையன் ஒருவன் நீச்சல் குளத்தில் பிணமாகக் கிடந்தான். பிறகு தென்னாப்பிரிக்கா. 2018-ல் தண்டனை எதுவும் பெறாமலே இறந்துபோனார். 2013-ல் விஷயம் தெரிந்தபோதாவது போலீசில் சொல்லியிருக்க வேண்டும் என்று விசாரணை அறிக்கை சொன்னதும், 2024 நவம்பரில் கேன்டர்பரி பேராயர் ஜஸ்டின் வெல்பி பதவி விலகுவதாக அறிவித்தார்.

வாயை மூடிக்கொண்ட அத்தனை பேரும் கெட்டவர்கள் அல்ல. சபையின் பேர் கெட்டுவிடும் என்று பயந்தவர்கள். அந்தப் பயத்துக்கு விலை கொடுத்தது அடுத்த ஊர்ப் பிள்ளைகள்.

நம் நாட்டில் 2012 முதல் போக்சோ சட்டம் இருக்கிறது. 18 வயதுக்குட்பட்ட ஆண், பெண் பிள்ளைகள் எல்லாருக்கும் அது பொருந்தும். பாலியல் குற்றம் நடந்தது தெரிந்தும் போலீசில் சொல்லாமல் இருப்பதே குற்றம். ஆறு மாதம் வரை சிறை உண்டு. நிறுவனத்தின் பொறுப்பாளர் மறைத்தால் ஒரு வருடம் வரை. ஐயரை வைத்து ஜெபித்து, இரண்டு குடும்பத்தையும் சமாதானம் பண்ணி அனுப்புவதற்குச் சட்டத்தில் இடமில்லை.

நான் கேட்ட விதிகள் பெரியவை அல்ல. பெரியவர் ஒருவர் பிள்ளையோடு மூடிய அறையில் தனியாக இருக்கக் கூடாது. எந்த வகுப்பிலும் இரண்டு பெரியவர்கள். இரவு தங்கினால் பிள்ளைகள் தனி அறை, பெரியவர்கள் தனி அறை. பிள்ளைக்குத் தனியாக வாட்ஸ்அப் செய்தி அனுப்பக் கூடாது. கேரல் ரவுண்டு முடிந்தால் யார் வீட்டில் கொண்டுபோய் விடுவது என்று முன்னமே தெரிய வேண்டும். நல்ல ஊழியக்காரருக்கும் இது பாதுகாப்புதான்.

பிள்ளை ஏதாவது சொன்னால் முதலில் நம்புங்கள். "அந்த அண்ணன் அப்படிப்பட்டவர் இல்லையே" என்று ஆரம்பித்தால் பிள்ளை அதோடு வாயை மூடிக்கொள்ளும். திட்டாமல், துருவிக் கேட்காமல், சொல்வதை முழுக்கக் கேளுங்கள். பிறகு 1098-க்குக் கூப்பிடுங்கள், இலவசம். பிள்ளையின் பெயரை மட்டும் எங்கும் பரப்பாதீர்கள், ஜெபக் குழுவில்கூட.

உங்களில் பலர் இன்று கமிட்டியிலும் ஓய்வுநாள் பள்ளியிலும் பொறுப்பில் இருக்கிறீர்கள். ஏந்திரக்கல் வசனத்தை உங்களுக்கு நான் சொல்லித்தர வேண்டியதில்லை. இந்த மே மாதத்துக்கு முன் உங்கள் சபையில் இதைக் கேளுங்கள். என்ன பதில் வந்தது என்று கீழே எழுதுங்கள், படிக்கக் காத்திருப்பேன்.

அன்புடன்,
உங்கள் டீச்சர்